காலி டிரெய்லர்

மறுபடியும் இரண்டு தட்டு.

பின்சக்கரங்களுக்கு நடுவிலிருந்து, ஸ்பேனரால் இரும்பைத் தட்டும் அதே சத்தம். பிரேக்கை விடு என்று அர்த்தம். கேபினில் இருந்த சௌந்தர்யா பிரேக் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. கீழே படுத்துத் தட்ட வேண்டிய அப்பா மணியன், அவள் கண்ணெதிரே, ஹெட்லைட் வெளிச்சத்தில் குடத்துத் தண்ணீரை மொண்டு முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

ஹாரனை அழுத்தினாள். மணியன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேபின் படியில் ஏறினார்.

"என்ன அம்மிணி, மல்லசமுத்திரத்தையே எழுப்பி உட்ருவியாட்ட இருக்குது?"

"கீழ யாருங்ப்பா இருக்கறாங்க? தட்டறாங்க."

"நாந்தான் இங்க நிக்கறனே. வேற யாரு இருப்பா?"

"அதைத்தானுங்க நானும் கேக்கறேன்!"

டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்க் குனிந்து பார்த்தார். திரும்பி வந்தார்.

"ஒரு நாய்கூட இல்ல சாமி. இரும்பு சூடு ஆறுனா அப்படித்தான் சத்தம் போடும்."

அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. மேற்கே பாலைவனத்தில் சண்டை மூண்டதிலிருந்து அப்பாவின் டிரெய்லர் ராணுவ வாடகைக்கு ஓடுகிறது. அடிபட்ட டேங்குகளைப் பின்னால் ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்து வருவதும், புது இஞ்சினும் சங்கிலிப் பட்டையும் ஏற்றிக்கொண்டு முன்னால் போவதுமாக மாதக் கணக்கில் ஓடியதில், மணல் புகுந்து பிரேக் முழுவதும் நாசம். ஹேண்ட் பிரேக் பிடிப்பதே இல்லை. வீட்டு வாசலில், சக்கரத்துக்குப் பின்னால் கருங்கல் வைத்துத்தான் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விடிந்தால் கிளம்பியாக வேண்டும். மணலில் டேங்குகள் முடங்கிக் கிடக்கின்றன, வண்டி எங்கே வண்டி எங்கே என்று கான்ட்ராக்டர் போனை வைக்க விடுவதில்லை. "இதா வந்துட்டனுங்க" என்று மத்தியானம் சொன்ன மெக்கானிக் வீரன் போனையே அணைத்து வைத்துவிட்டான். அம்மா ஒரு கல்யாணத்துக்கு ஜலகண்டாபுரம் போயிருக்கிறாள். ஆகவே பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்க வேண்டியவள் பெடலை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இஞ்சின் ஓடும்போது பேச்சு சரியாகக் கேட்காது என்பதால், லாரிக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த கணக்கு: ஒரு தட்டு என்றால் மிதி, இரண்டு என்றால் விடு. கீழே இருப்பவர் பிரேக் குழாயில் காற்று எங்கே கசிகிறது என்று காதால் தேடுவார்.

கேபின் முழுக்க மணல். எவ்வளவு கூட்டினாலும் சீட் மடிப்பிலிருந்து வந்துகொண்டே இருந்தது. டீசல் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. மயிர் கருகியது மாதிரி.

"இந்தச் சத்தம் பாலைவனத்துலயும் கேட்டுதுங்களாப்பா?"

மணியன் டார்ச்சை அணைத்தார்.

"ஒரு டேங்க் ஏத்துனேன். மேல் மூடி உருகிப் புடிச்சுக்கிச்சு, தொறக்க முடியல. ஒர்க்‌ஷாப் வரைக்கும் உள்ள தட்டற மாதிரியே இருந்துச்சு. நிறுத்திச் சொன்னேன். அடிபட்டு மூணு நாளாச்சு, உள்ள யாரு இருப்பா, இரும்பு ஆறுதுன்னு அவுல்தார் சொல்லிப்போட்டாரு."

"தொறந்து பாத்தாங்களா?"

"அதுக்குள்ள என்னை அடுத்த லோடுக்கு முடுக்கிட்டாங்களே."

"அப்பா, இன்னொருக்கா கீழ போகாதீங்க."

"பிரேக் இல்லாம தொப்பூர் கணவாய் எறங்கச் சொல்றயா? அப்பறம் உங்கப்பனைப் பொட்டலமாத்தான் கொண்டு வருவாங்க." சிரித்தார். "மிதி சாமி. பத்தே நிமிசம்."

கண்ணாடியில் அவர் கால்கள் டிரெய்லருக்கு அடியில் நுழைந்து மறைவதைப் பார்த்தாள்.

ஒரு தட்டு. மிதித்தாள். எங்கோ காற்று சீறியது. இரண்டு தட்டு. விட்டாள். வண்டி கல்லில் சாய்ந்து நின்றது. ஒரு தட்டு. மிதித்தாள். அப்பாவின் கை வேகம்தான், சந்தேகமே இல்லை. வியர்வை ஆறத் தொடங்கியது.

அப்போதுதான் ஸ்பிரிங் பட்டைகள் முனகின.

பாரம் ஏற்றும்போது கேட்கும் முனகல். பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த சத்தம். ஆனால் டிரெய்லர் காலி. கண்ணாடியில் பார்த்தாள். காலித் தளம் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. டயர்கள் பிதுங்கின. தளத்தின் மேல் படிந்திருந்த மணலில் அகலமான இரண்டு தடங்கள், பின்னாலிருந்து முன்னால், பல் பல்லாக, டேங்க் ஏறுவது மாதிரி, தாமே பதிந்துகொண்டு வந்தன.

"அப்பா! வெளிய வாங்க!"

"அம்மிணி, எறங்குது... கால் மாட்டிக்கிச்சு... சக்கரம்..."

இஞ்சின் இரைச்சலை மீறி வந்த குரல் நின்றது.

கருங்கல் பொடிந்தது. வண்டி ஒரு சாண் பின்னால் நகர்ந்தது. இரண்டு கால்களாலும் பெடலை மிதித்தாள். நின்றது. பிரேக்கின் காற்றழுத்தத்தைக் காட்டும் முள் இறங்கியது. இஞ்சின் ஓடுகிறது, முள் இறங்குகிறது. இஞ்சினை நிறுத்தினால் இருக்கிற காற்றும் போய்விடும். இறங்கி ஓடினால் வண்டி உருளும்.

"அப்பா!"

கருகிய வாசனை மட்டும். தளம் இன்னும் இறங்கியது. அடியில் ஒரு ஆள் படுக்க இடம் இருக்குமா? ஒரு கை வைக்க?

இரண்டு தட்டு.

கீழே அப்பா இருக்கிறார். அவர்தான் தட்டுகிறாரென்றால், பெடலை விட்டதும் சக்கரம் நகர்ந்து கால் விடுபடும். தட்டுவது அவர் இல்லையென்றால், சக்கரம் ஏறப்போவது அவர் நெஞ்சின் மேல்.

முள் சிவப்பைத் தொட்டது.

இரண்டு தட்டு. பொறுமையாக. இரண்டு தட்டு.

தட்டுவது யார்?