திருப்பிச் சொல்லுங்க

"அதான் காலையிலயே சொல்லிட்டேனே பேச்சியம்மா," என்று தாதி ஷிராணி மிஸ் சிரித்தாள். "திரும்பவும் கேக்குறீங்க?"

ஆஸ்பத்திரியில் பேச்சியம்மா என்று பதிந்திருந்த ஜீவராணி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். காலையில் யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. வயிற்றுக்குள் இருக்கும் கட்டி நல்லதா கெட்டதா என்ற ஒரே கேள்வியோடுதான் அவள் டயகம தோட்டத்திலிருந்து வந்து இந்த வாட்டில் படுத்திருக்கிறாள்.

"என்கிட்ட சொல்லலியே மிஸ். காலையில நான் கீழ ஸ்கேன் எடுக்கப் போயிருந்தேன்."

"இந்தக் கட்டில்லதான் உக்காந்திருந்தீங்க. நான் சொன்னதத் திருப்பியும் சொன்னீங்க. ஒரு சொல்லு விடாம."

அது மிஸ்ஸின் வழக்கம். வாட்டில் தமிழ் பேசும் தாதி அவள் ஒருத்திதான். டொக்டர் சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போவதை அவள் ஒவ்வொரு கட்டிலாக உட்கார்ந்து தமிழில் சொல்வாள். பிறகு, "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க" என்பாள். விளங்காமலே தலையாட்டும் தோட்டத்துச் சனங்களை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"இன்னொருக்கா சொல்லுங்க மிஸ்," என்று ஜீவராணி கேட்பதற்குள் யாரோ கூப்பிட, மிஸ் போய்விட்டாள்.

பக்கத்துக் கட்டில் தெரேசா புரண்டு படுத்தாள். "என்னக்கா, நல்லாத்தானே பேசுனீங்க? திரைக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டுச்சு. என்னைய விடக் கெட்டிக்காரின்னு மிஸ்ஸு வேற சொல்லிட்டாங்க."

"நானா பேசுனேன்?"

"பின்ன, ஒங்க அக்காளா வந்து பேசுனா?"

தெரேசா சிரித்தாள். ஜீவராணிக்குச் சிரிப்பு வரவில்லை.

பேச்சியம்மா அவளுடைய அக்காள்தான். பள்ளிக்கூடம் போகும் முன்பே காய்ச்சலில் செத்துப்போனவள். அவள் செத்ததை வீட்டில் யாரும் பதியவில்லை, ஜீவராணி பிறந்ததையும் பதியவில்லை. பள்ளியில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் கேட்டபோது அப்பா மூத்தவளுடையதை நீட்டிவிட்டார். தோட்டங்களில் அப்படி எத்தனையோ பேர். லயத்து வீடுகளில் அவள் ஜீவராணி; அடையாள அட்டையிலும் கலியாணப் பதிவிலும் இந்தக் கட்டிலின் தலைமாட்டிலும் பேச்சியம்மா. "நான் செத்தவளத்தான் ரெஜிஸ்டர் பண்ணிக்கிட்டேன்," என்று புருஷன் செல்லசாமி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

பின்னேரமானதும் தேயிலை மலையிலிருந்து இறங்கிய பனி கண்ணாடி உடைந்த சன்னல் வழியாக வாட்டுக்குள் நுழைந்து, டெட்டோல் வாடையோடும் நனைந்த கம்பளி வாடையோடும் கலந்து, கட்டில்களின் கால்களை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டு வந்தது. முகம் கழுவிவிட்டு வந்து மிஸ்ஸைப் பிடித்துக் கேட்டுவிட வேண்டும் என்று ஜீவராணி எழுந்து போனாள். குழாய்த் தண்ணீர் ஐஸாக இருந்தது. எங்கோ ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுக் கிறீச்சிட்டு நின்றது. அதன் பிறகு வாட்டில் இருமல் சத்தம்கூட இல்லை.

அவள் திரும்பி வந்தபோது அவள் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது.

உள்ளே மிஸ்ஸின் குரல். "இப்ப கவனமாக் கேளுங்க பேச்சியம்மா. கட்டி கெட்டது இல்ல. பயப்பட ஒண்ணுமில்ல. இன்னைக்கே ஆஸ்பத்திரி டிக்கட்ட வெட்டி வீட்டுக்கு அனுப்புறோம்."

ஜீவராணி திரையருகே நின்று கேட்டாள். கெட்டது இல்லை. செல்லசாமியிடம் சொல்ல வேண்டும். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"எங்க, இப்ப நீங்க சொல்லுங்க."

"கட்டி கெட்டது இல்ல," என்றது ஒரு குரல்.

ஜீவராணியின் குரல்.

"இன்னைக்கு வீட்டுக்குப் போறது நான்."

திரையைப் பிடிக்க நீட்டிய கை பாதியிலேயே நின்றது.

"அவ இங்கயே இருப்பா."

"சரி," என்றாள் மிஸ். "ரொம்பச் சரி."

கட்டில் முனகியது. வெறும் கால்கள் தரையில் இறங்கின. மெதுவாக. பழகாத நடை. பிறகு சத்தமே இல்லை.

அவள் திரையை இழுத்தாள்.

மிஸ் மட்டும் விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள். ஜீவராணியின் பை இல்லை. ஸ்வெட்டர் இல்லை. மெத்தையின் நடுவில் ஒரு பள்ளம். தொட்டால் இன்னும் சூடு.

"மிஸ். நான்தான் பேச்சியம்மா."

மிஸ் அன்போடுதான் பார்த்தாள். முன்பின் தெரியாதவர்களைப் பார்க்கும் அன்பு. "பேச்சியம்மாவப் பாக்க வந்தீங்களா? இப்பத்தான் போனாங்க. வீட்டுக்காரரு வந்துட்டாரு."

"நான் ஜீவராணி!"

"அப்பிடி யாரும் இந்த வாட்டுல இல்லையேம்மா."

தெரேசாவைப் பார்த்தாள். தெரேசா போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

ஓடினாள்.

நடைபாதை. பனி. தூரத்தில் செல்லசாமியின் முதுகு. அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி. ஜீவராணியின் பச்சை ஸ்வெட்டர்.

"மெல்ல நட புள்ள. பஸ்ஸு நம்மள விட்டுட்டா போயிரும்? டிரைவரு நம்ம ஆளு."

முந்திப் போய் அவன் முன்னால் நின்றாள். மூச்சு வாங்கியது. "இங்க பாருங்க. என்னையப் பாருங்க."

செல்லசாமி பார்த்தான். நின்று, நன்றாகவே பார்த்தான். பிறகு மரியாதையாக ஒதுங்கினான்.

"கொஞ்சம் வழி விடுங்கக்கா. சுகமில்லாத புள்ள."

அவன் பக்கத்தில் நின்றவள் முகத்தை நிமிர்த்தினாள். ஜீவராணியின் நெற்றி. ஜீவராணியின் கண்கள். ஜீவராணியின் உதடுகள்.

அவை சிரிப்பதற்காகப் பிரிந்தன. உள்ளே, வரிசையாக, பச்சரிசி போல, சின்னச் சின்னப் பால்பற்கள்.