குடைக்குக் கீழே வெள்ளை

சமையல்காரம்மா மோப்பத்தின் வீட்டுக்குள் வந்தும் நாற்காலியில் உட்காரவில்லை. சாயங்காலம் தன்னைக் கைது செய்யப் போகிறார்கள், அதற்குள் ஏதாவது செய்யுங்கள் என்றார். அவர் வேலை பார்க்கும் விடுதியின் முதலாளி முந்தாநாள் இரவு வதக்கிய காளான் சாப்பிட்டு, மறுநாள் காலை வாந்தியும் பேதியுமாகச் சுருண்டு விழுந்தார். இப்போது ஆஸ்பத்திரியில் ஈரல் கெட்டுக் கிடக்கிறார். காளானைப் பறித்ததும் சமைத்ததும் இந்தம்மாதான்.

"பதினாறு வருஷமா பறிக்கிறேன் சார். கை தவறிடுச்சுன்னு சொல்றாங்க. முதலாளியோட தம்பியும் சாப்பிட்டு வாந்தி எடுத்தாராம். அவர்தான் சாட்சி."

சந்தையில் உணவுப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற அந்த மனிதரை எல்லோரும் மோப்பம் என்றே கூப்பிடுவார்கள். அவர், எப்படிப் பறிப்பீர்கள் என்று மட்டும் கேட்டார்.

குடைக்குக் கீழே மடிப்பு பழுப்பாக இருந்தால்தான் தொடுவேன், வேரோடு தோண்டி எடுத்து அடியைச் சமையலறையில்தான் வெட்டுவேன் என்றார். ஆளைக் கொல்லும் காளானுக்கு மடிப்பு வெள்ளை. அடியில் கிண்ணம் மாதிரி உறை இருக்கும். மேலாக வெட்டினால் அந்த உறை மண்ணிலேயே தங்கி ஆளை ஏமாற்றிவிடும். வதக்கியதை இரண்டு கிண்ணத்தில் போட்டாராம். அண்ணனுடையதைத் தம்பியே மாடிக்கு எடுத்துப் போனாராம்.

போலீஸ் பூட்டிய சமையலறையை இன்ஸ்பெக்டர் திறந்துவிட்டதும் நாற்றம் முகத்தில் அறைந்தது. கழிவு வாளியில் புழு நெளிந்தது. மோப்பத்தின் பக்கத்து வீட்டுக் கண்டக்டர், துப்பறிய ஒரு வாய்ப்பு கிடைக்காதா என்று காத்திருந்தவர், சட்டையை மடித்துவிட்டு அதற்குள் கையை விட்டார். மண் ஒட்டிய காளான் அடிகள் கொழகொழவென்று வந்தன. ஒன்றில்கூட உறை இல்லை.

குளிர்பெட்டியில் முதலாளி பாதியில் வைத்த கிண்ணம் இருந்தது. நீர் விட்டுப் பாசியாய் வழுக்கிய பழுப்புத் துண்டுகளுக்கு நடுவே சில வெள்ளை மடிப்புகள். மோப்பம் முகத்தைச் சுளித்துக்கொண்டு மூடினார். பிறகு, இந்த வெள்ளைக் காளான் மரத்தடியில்தான் முளைக்கும் என்று சொல்லி, கண்டக்டரைத் தோட்டத்து மரத்தடியைத் தோண்டிப் பார்க்க அனுப்பினார்.

கூடத்தில் இன்ஸ்பெக்டரும் சமையல்காரம்மாவும் இருக்க, தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிட்டு எவ்வளவு நேரத்துல வாந்தி வந்தது?"

"அரை மணி நேரம்கூட ஆகலை சார். குடலே வெளிய வந்துடும் போல."

"தொண்டையில விரலை விட்டா வரும்," என்றார் மோப்பம். "இந்த விஷம் ஆறு மணி நேரத்துக்கு முன்னாடி மூச்சே விடாது. உங்க அண்ணனுக்குக் காலையிலதானே வந்தது? இந்தம்மா தவறிப் பறிச்சிருந்தா வாளியில உறை கிடக்கணும். இல்லை. அந்த வெள்ளையை வேற யாரோ மேலாக வெட்டி, மாடிப்படியில வச்சு அண்ணன் கிண்ணத்துல மட்டும் கலந்திருக்காங்க."

கண்டக்டர் வந்து ஒரு தாளை விரித்தார். மண்ணோடு தோண்டிய வெள்ளை உறைகள். மேலே கத்தி வெட்டு நேராக இருந்தது.

தம்பி வயிற்றிலிருந்து கையை எடுத்தார். விடுதியை விற்க அண்ணன் சம்மதிக்கவேயில்லை என்று முணுமுணுத்தார். வலி இருக்காது, தூக்கத்திலேயே போய்விடுவார் என்று நினைத்தாராம்.

இன்ஸ்பெக்டர் சமையல்காரம்மாவை நீங்கள் போகலாம் என்றார். அவர் போகவில்லை.

"ஆஸ்பத்திரியில அவர் காலை அமுக்கிவிட்டுக்கிட்டு உக்காந்திருந்தீங்களே, தம்பி. அவர் உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, நீ சாப்பிட்டியான்னு கேட்டாரு. நான் வாசல்ல நின்னு பார்த்தேன்."

தம்பி அந்தக் கையை மடியில் மறைத்துக்கொண்டார்.

"சீ," என்றார் சமையல்காரம்மா.