அப்படி ஒரு பெண் இங்கே இல்லை

தூறல் விழுந்துகொண்டிருந்தது. மஞ்சள் ரெயின்கோட் போட்டவன் ஒருவன் பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு, கையிலிருந்த கோப்பு நனையாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எதிரே குடையோடு வந்தவளை வழிமறித்தான். ஒரு வீட்டு எண்ணைச் சொன்னான். ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னான். தெரியுமா என்று கேட்டான்.

தெரியுமாவா... அது அவளுடைய வீடு. அவளுடைய பெயர்.

"பேங்க்ல இருந்து வரேங்க. சேமிப்புக் கணக்குக்கு எழுதிக் குடுத்திருக்காங்க. அந்த விலாசத்துல நிஜமாவே இருக்காங்களான்னு பாக்கணும்."

வீட்டுக்கே ஆள் அனுப்புவார்கள் என்று கவுண்டரில் யாரும் சொல்லவில்லையே... இன்று அண்ணனின் கடைக்கு விடுமுறை. மாடியில்தான் இருக்கிறார். இவன் போய் மணியடித்து, அவர் கதவைத் திறந்து, இவன் வாயையும் திறந்துவிட்டால்...

"அப்படி யாரும் இங்க இல்லைங்க" என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான். பெரிய கண்கள்... பொய் சொல்லும்போது இன்னும் பெரிதாகிவிடுகிற கண்கள். இமையில் ஒரு மழைத்துளி விழவா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. இந்தக் கண்களை அவன் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். கோப்பின் முதல் பக்கத்தில், விண்ணப்பத்தில் ஒட்டிய படத்தில். அதிலும் இதே மிரட்சிதான்.

இந்த வேலையில் அவன் பார்க்காத ஏமாற்று இல்லை. இல்லாத ஆளை இருப்பதாகச் சாதிப்பவர்கள் உண்டு, செத்துப்போன மாமாவை 'இப்பதான் வெளிய போனார்' என்றவர்கள்கூட உண்டு. ஆனால் நடுத்தெருவில் நின்றுகொண்டு தன்னையே இல்லை என்கிற பெண்ணை இன்றுதான் பார்க்கிறான்.

"சரிங்க... 'ஆள் இல்லை'ன்னு எழுதிட்டா கணக்கு கிடைக்காது. பாவம் அந்தப் பொண்ணு."

இரண்டடி நடந்தவள் நின்றாள். "உடனே எழுதிடுவீங்களா?"

"அந்தப் பொண்ணு வேணாம்னா எழுத மாட்டேன்."

அவள் குடையை இன்னும் தாழ்த்திக்கொண்டாள். "அந்தப் பொண்ணு வீட்ல இன்னிக்கு அவங்க அண்ணன் இருக்கார். நாளைக்கு மத்தியானம் இருக்க மாட்டாராம்... கேள்விப்பட்டேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். நாளை மதியம் வருவதாகவும், அந்தப் பெண் அடையாள அட்டையின் அசலை எடுத்து வைக்க வேண்டும் என்றும், வீட்டில் இருக்கும் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னான்.

"அப்புறம்... பயப்பட வேணாம்னும் சொல்லிடுங்க."

"சொல்றது சுலபம்" என்று சொல்லிவிட்டு அவள் விறுவிறுவென்று நடந்தாள். முகம் ஏன் சூடாகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. பயத்திலும் முகம் சூடாகுமா என்ன...

வீட்டில் அவளை எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வயதுப் பாப்பா. அப்பாவும் அம்மாவும் போனபிறகு அண்ணன்தான் பொத்திப் பொத்தி வளர்த்தார், படிக்க வைத்தார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற பெண், வெளியே போனால் ஏமாந்துவிடுவாள் என்று அவருக்கு எண்ணம். பல் டாக்டரிடம் அவள் உதவியாளராக வேலைக்குச் சேர்ந்ததும், டாக்டர் அண்ணனின் சிநேகிதர் என்பதால், சம்பளம் நேரே அண்ணனின் கணக்குக்குப் போனது. ஆறு வருடமாகப் போய்க்கொண்டே இருக்கிறது. அவர் ஒரு நாளும் கை நீட்டியதில்லை. கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான். ஒருமுறை ஒரு மாதம் பேசவில்லை. அந்த மாதம் அவள் சோற்றைத் தண்ணீர் குடித்துத்தான் விழுங்கினாள்.

இப்போது பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. என் கணக்கு எண்ணையே அங்கேயும் கொடு என்று அண்ணன் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் முடியாது என்றார்கள். அவள் பேரிலேயே கணக்கு வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும், இல்லாவிட்டால் காத்திருக்கும் அடுத்த ஆளுக்கு வேலை. அண்ணனிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லாமலே வங்கிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை அண்ணன் குளிக்கப் போனார். அவருடைய சாவிக்கொத்து கட்டில்மேல் கிடந்தது. அவளுடைய அடையாள அட்டை, பத்திரமாக இருக்கட்டும் என்று, அவருடைய பீரோவில்தான் இருக்கிறது. வங்கியில் காட்டுவதற்காக ஒருமுறை எடுத்து, திரும்ப வைத்தாயிற்று. ஒருமுறை பயந்தவளுக்கு இரண்டாம் முறை பயம் குறையும் என்று யார் சொன்னது... சாவியை மெதுவாகத் திருப்பினாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. மூச்சு நின்றது. மறுபடி தண்ணீர் விழுந்தது. சொந்த முகம் இருக்கும் அட்டையைத் திருடியைப் போல ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். திரும்பினால், கதவருகே அண்ணி.

அண்ணி ஒன்றும் கேட்கவில்லை. கையில் இருந்த துண்டை மடித்துக்கொண்டே போய்விட்டாள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. சொல்லிவிடுவாளோ... எப்போது சொல்வாள்...

மதியம் அவன் வந்தான். இன்று ரெயின்கோட் இல்லை. கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, படியாத தலைமுடி. அண்ணி அடுக்களையில் இருந்தாள். அவன் அட்டையை வாங்கி, அதிலிருந்த முகத்தையும் எதிரே இருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்... தேவைக்கு மேலேயே பார்த்தான்.

"இவ்வளவு நேரமா பாக்கணும்?" என்றாள் மெதுவாக.

"நேத்து ஒருத்தங்க அப்படி ஆளே இல்லைன்னாங்க. நல்லாப் பாத்துடறது நல்லது இல்லையா."

அவளுக்கு உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அந்த நேரத்தில்தான் படியில் சாவிக்கொத்து குலுங்கும் சத்தம் கேட்டது.

கடைத்தெருவில் கரண்ட் இல்லையாம். அண்ணன் நிலைப்படியில் நின்றார். முன்னறையில் ஓர் அந்நியன். எதிரே பாப்பா. "யாரு?"

அவள் முகம் வெளிறிவிட்டதை அவன் பார்த்தான். சட்டென்று கோப்பை மூடினான். தப்பான வீட்டுக்கு வந்துவிட்டதாகவும், மன்னித்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டே எழுந்தான்.

தப்பிக்க வழி கிடைத்துவிட்டது. அவள் சும்மா நின்றால் போதும். அவன் படி இறங்கிவிடுவான், அட்டை பீரோவுக்குப் போய்விடும், வேலை வேறு யாருக்கோ போய்விடும். நேற்று தெருவில் சொன்ன பொய்யை இன்று வீட்டுக்குள் இன்னொருவன் அவளுக்காகச் சொல்கிறான். இனி எத்தனை நாளைக்கு... எத்தனை பேர்...

"தப்பான வீடு இல்லண்ணா." குரல் அவளுடையதாகவே இல்லை. "என்னைப் பாக்கத்தான் வந்திருக்கார். என் பேர்ல கணக்குத் தொறக்கறேன்."

அண்ணனின் முகம் கறுத்தது. "ஏன், உன் காச நான் தின்னுட்டேனா?"

"தின்னீங்கன்னு சொல்லலண்ணா. ஒரு செருப்பு வாங்கணும்னாகூட உங்க மூஞ்சியப் பாத்துட்டு நிக்கிறேன். அதான்."

எழுந்தவனுக்குப் போவதா உட்காருவதா என்று தெரியவில்லை. அடுக்களையிலிருந்து அண்ணி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"எங்க தம்பி கையெழுத்து போடணும்?"

அண்ணன் அவளைச் சுவர் பேசிவிட்டதுபோலப் பார்த்தார். அண்ணி குனிந்து, ஒவ்வோர் எழுத்தாக, நிதானமாகப் போட்டு முடித்தாள். அண்ணன் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனார். அறைக்கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. பாப்பா மூடிய கதவைப் பார்த்தாள். இனி எத்தனை மாதமோ...

"போய் அவர அனுப்பிட்டு வா" என்றாள் அண்ணி. "நான் இருக்கேன்."

கீழே பைக் அருகே அவன் நின்றான். மறுபடி தூறல். அண்ணன் ஏதாவது செய்வாரா என்று கேட்டான். பேச மாட்டார், அதுதான் பயம் என்றாள். அவன் கோப்பைத் தோள்பையில் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான்.

"வேலை முடியட்டும்னு இருந்தேன். முடிஞ்சிருச்சு. அதனால சொல்றேன்... உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. நேத்தே பிடிச்சிருச்சு."

மழை அவள் காதுக்குள் பெய்தது. சந்தோஷம்தான், சந்தேகமே இல்லை... ஆனால் அதன் முதுகிலேயே பயமும் ஏறிக்கொண்டு வந்தது. ஒரு கையிலிருந்து விடுபட்டு நேரே இன்னொரு கைக்கா... நல்லவன்தான். அண்ணனும் நல்லவர்தானே.

"வீட்ல யார் யாரு?" என்று கேட்டாள்.

"அம்மா. ஒரு தங்கச்சி."

"தங்கச்சி வேலைக்குப் போறாளா?"

"துணிக்கடைல இருக்கா. ரெண்டு வருஷமா."

"அவ சம்பளம் யார் கணக்குக்கு வருது?"

அவன் வாயைத் திறந்தான். ஒரு பொய் போதும், அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது... அந்தக் கண்கள் அவன் முகத்தைவிட்டு நகரவில்லை. வாயை மூடிக்கொண்டான். தலைமுடியிலிருந்து தண்ணீர் கன்னத்தில் வழிந்தது, துடைக்கவில்லை.

"என் கணக்குக்கு." குரல் இறங்கிவிட்டது. "அவ கல்யாணத்துக்குத்தான் சேக்கறேன். சத்தியமா ஒரு பைசா தொட்டதில்ல. அவ... அவளும் ஒரு நாளும் கேட்டதில்ல."

"நானும் ஆறு வருஷமா கேட்டதில்லைங்க."

அவன் பைக்கின் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தான். பிறகு, வங்கி மூட இன்னும் நேரம் இருக்கிறது, தங்கையைக் கடையிலிருந்து நேரே கூட்டிப் போய் அவள் பேரில் கணக்குத் தொடங்குகிறேன் என்றான். அவளிடம் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை என்றான். அவனுக்கும் பயமாக இருக்கிறது என்று முகத்தில் எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குள் எதுவோ இளகிவிட்டது.

"ஒண்ணும் சொல்ல வேணாம். காச அவ கையில குடுங்க. குடுத்துட்டு, அவளையும் கூட்டிட்டு வாங்க. நீங்க எப்படிப்பட்ட அண்ணன்னு நான் அவகிட்டயே கேட்டுக்கறேன்..." மாடிப்படிப் பக்கம் திரும்பியவள் நின்றாள். "கேட்டப்புறம்தான், எனக்கும் உங்களப் பிடிச்சிருக்குன்னு சொல்லுவேன்."