முதல் செட்டுக்கு ஏழு போதும்

“பதினாலும் எடுத்துக்கிறேன்,” என்றாள் அவள்.

மயக்க மருந்து டாக்டர். கோல்ஃப் பழக ஆரம்பித்தே நாலு நாள்தான் ஆகிறது, அதற்குள் பதினாலு மட்டையும் கொண்ட முழு செட் கேட்கிறாள்.

கடைக்காரன் நிமிர்ந்து பார்த்தான். வெளியே மழை அவசர அவசரமாகக் கொட்டிக்கொண்டிருந்தது... அவன் கண்களில் மட்டும் அவசரமே இல்லை.

“ஏழு கிளப் போதும் டாக்டர். மிச்சத்தைச் சும்மா தூக்கிட்டுத்தான் அலைவீங்க.”

“எனக்கு ஆட வராதுன்னு முடிவே பண்ணிட்டீங்களா?”

“ஐயோ, இல்லங்க. எது உங்க கைக்கு வரும்னு ஆடிப் பாத்தாதான் தெரியும். கையைத் தொங்கப்போட்டு நேரா நில்லுங்க.”

மணிக்கட்டிலிருந்து தரை வரை டேப் பிடித்து அளந்தான். குனிந்த தலையில், காதோரம் ஒரே ஒரு நரைமுடி... அவளுக்கு ஏனோ மூச்சு சீராக வரவில்லை. தினமும் அடுத்தவர் மூச்சைக் கவனிக்கிறவளுக்கு இதென்ன கூத்து?

ஆறு கிளப்பைப் பையில் வைத்தான். ஏழாவது, பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் பட்டர். அது மட்டும் ஸ்டாக் இல்லையாம். சனிக்கிழமை வரச் சொன்னான்.

சனிக்கிழமை கல்லாவில் அவன் அக்கா இருந்தாள்.

“பட்டரா? போன மாசம் வந்ததே உள்ள அஞ்சாறு கிடக்கேம்மா.”

டாக்டரின் முகம் சுருங்கிப்போனது. நிச்சயம் வரை வந்த ஒருவன், தனக்கு ஏற்கெனவே கல்யாணமானதை மறைத்திருந்தான். அதிலிருந்து சின்னப் பொய்யைக்கூட அவளால் தாங்க முடிவதில்லை. இவனுமா... இவனைப் போய் ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தோமே... விறுவிறுவென்று வெளியே நடந்தாள்.

உள்ளேயிருந்து அக்கா சொன்னதைக் கேட்டுவிட்ட கடைக்காரன், மழையில் நனைந்தபடி பின்னாலேயே ஓடிவந்தான்.

“ஏழு போதும்னு சொன்னது உங்களுக்காக. பட்டர் இல்லன்னு சொன்னது எனக்காக. இன்னொரு தடவை உங்களைப் பாக்கணும்போல இருந்துச்சு... தப்புதான்.”

“அதை நேரா சொல்றதுக்கென்ன?”

“சொன்னா வராமலே போயிடுவீங்களோன்னு பயம். இப்ப சொல்றேன். உங்களைப் பிடிச்சிருக்கு. நீங்க திட்டினாலும் அதுதான் நிஜம்.”

நன்றாகத் திட்டத்தான் நினைத்தாள். ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ உறுத்தியது. இவனை மட்டும் கூண்டில் ஏற்றினால் எப்படி? குடையை நகர்த்தி அவன் தலைக்கும் பிடித்தாள்.

“எங்க அண்ணன்கிட்ட மூணு பட்டர் இருக்கு. ஒண்ணு எடுத்துக்கோன்னு அன்னைக்கே சொன்னான்,” என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல். “வேணாம், கடையில சொல்லி வச்சிருக்கேன்னுட்டேன்... நான் வந்தது உங்களைப் பாக்கத்தான்.”