வண்டி குடிக்கட்டும்

ரப்பர் விலை சற்றே நிமிர்ந்திருந்த 1934ஆம் ஆண்டில் விசுவலிங்கம் ஒரு பழைய மோட்டார் காரை வாங்கியிருந்தார். ஜொகூர் பாருவில் ஓர் அரசாங்கக் கந்தோரில் அவர் தலைமைக் கிளார்க். பத்து பகாட்டில் மனைவி அன்னபாக்கியத்தின் தங்கைக்கு வளைகாப்பு. பாதி வழி ரயிலிலும் மீதி பஸ்ஸிலுமாகப் போகலாம் என்று அன்னபாக்கியம் சொல்லிப் பார்த்தாள். காரில் போய் இறங்கினால்தான் மரியாதை என்று அவர் கேட்கவில்லை.

வழியில், ஆயர் ஈத்தாம் என்ற ஊருக்குக் கொஞ்சம் முன்னால், உச்சி வெயிலில், வண்டி சூடேறத் தொடங்கியது. ரேடியேட்டர் மூடியில் பதித்திருந்த கண்ணாடிக் குழாயில் சிவப்புக் கோடு ஏறிக்கொண்டே போனது. பிறகு ஆவி சீறியது. கருகிய ரப்பர் வாடை முகத்தில் அடித்தது.

சாலையோரத்து ரப்பர்ப் பால்மர நிழலில் நிறுத்தினார். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, துணியைச் சுற்றி மூடியைத் திறந்தார். தண்ணீர் பாதிக்குமேல் இல்லை. எங்கேயோ ஒழுகுகிறது என்று நினைத்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு கீழே படுத்துப் பார்த்தார். வடிகுழாய்த் திருகு இறுக்கமாக இருந்தது. மேல் குழாயையும் கீழ்க் குழாயையும் விரலால் தடவினார், ஈரமில்லை. தண்ணீர் எஞ்சினுக்குள் இறங்கியிருந்தால் எண்ணெய் பால்போல் வெளுத்திருக்கும். அளவுகோலை உருவிப் பார்த்தார். எண்ணெய் கறுப்பாகவே இருந்தது. விசிறி வாரும் தளரவில்லை.

வண்டிக்கு அடியில், செம்மண்ணில், ஒரு சொட்டு ஈரமில்லை.

பின்னால் வைத்திருந்த மண்ணெண்ணெய்த் தகரத்தில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. அதை எடுக்கத் திரும்பியபோதுதான் மரங்களுக்கு நடுவே நீண்டு கிடந்த தோட்டத் தொழிலாளர் லயத்தைக் கண்டார். அதன் வாசலிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்துகொண்டிருந்தாள். வெளிறிய சேலை. உதடுகள் வெடித்திருந்தன. கையில் தகரக் குவளை.

"ஒரு வாய் தண்ணி குடுங்க ஐயா. புள்ளைக்குக் காய்ச்சல்."

கிணறு இல்லையா என்று விசுவலிங்கம் கேட்டார். வற்றிவிட்டது என்றாள். அவர் தகரத்தைக் காட்டி, இது வண்டிக்கு என்றார். அவள் நகரவில்லை. அன்னபாக்கியம், குடிக்கத் தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்த வெண்கலச் செம்பை எடுத்துக்கொண்டு வண்டியைவிட்டு இறங்கினாள்.

"இஞ்சேருங்கோ, பாவம். ஒரு வாய்தானே கேக்கிறா."

"நீர் பேசாம இரும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அவளின்ர குவளை எங்கட செம்பிலை படக்கூடாது."

தாழ்த்தியும் அது அந்தப் பெண்ணின் காதில் விழுந்தது. குவளையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

தகரத்துத் தண்ணீரை அவர் ரேடியேட்டரில் ஊற்றினார். அது நிரம்பவில்லை. மனைவியின் கையிலிருந்து செம்பை வாங்கி, அதையும் கடைசிச் சொட்டுவரை கவிழ்த்தார். அந்தப் பெண் அவ்வளவையும் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் முகத்தில் கோபமில்லை.

"சரிங்க," என்றாள். "வண்டி குடிக்கட்டும்."

திரும்பி லயத்தை நோக்கி நடந்தாள். வண்டி கிளம்பியது. அன்னபாக்கியம் வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு வளைவுகூடத் தாண்டவில்லை. சிவப்புக் கோடு மறுபடியும் உச்சியில் நின்றது.

மூடியைத் திறந்தார். உள்ளே தண்ணீரே இல்லை. ஆவிகூட இல்லை. பித்தளைச் சுவர் காய்ந்து கிடந்தது. கீழே குனிந்தார். மண்ணும் காய்ந்திருந்தது.

அப்போது ரேடியேட்டருக்குள் ஒரு சத்தம் கேட்டது.

மடக்.

யாரோ விழுங்கும் சத்தம்.

அன்னபாக்கியமும் அதைக் கேட்டாள். 

சற்று நேரத்தில் சைக்கிளில் ஒருவர் வந்தார். பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி, தங்கராஜு என்று பேர். நிலைமையைப் பார்த்ததும் தகரத்தை வாங்கிக்கொண்டு போய் அருகிலிருந்த ஓடையில் மொண்டுவந்தார். ஊற்றுகிறபோது, இந்த இடத்தில் மோட்டார் வண்டிகள் இப்படித்தான் நின்றுபோகும் என்று சாதாரணமாகச் சொன்னார். பின்னால் தெரிகிற லயத்தில் யாரும் இல்லை. விலை விழுந்தபோது அந்தத் தோட்டத்தை மூடி, ஆட்களை ஊருக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். காளியம்மா என்று ஒருத்தி மட்டும், காய்ச்சலில் கிடந்த பிள்ளையை விட்டு வரமாட்டேன் என்று தங்கிவிட்டாள். வறட்சி வந்து கிணறு வற்றியது. அவளுக்கும் காய்ச்சல் கண்டு, ஓடைவரை நடக்கத் தெம்பில்லாமல் போனது.

"சடக்கு ஓரத்துல நின்னு போற வண்டியெல்லாம் மறிச்சிருக்கா. ஒருத்தரும் நிறுத்தல. நாங்க வந்து பாக்கறப்ப குவளையப் புடிச்சபடியே கெடந்தா."

பிள்ளை என்னவாயிற்று என்று அன்னபாக்கியம் கேட்டாள். அதுவும் போய்விட்டது என்பதுபோல் தங்கராஜு தலையை ஆட்டினார்.

விசுவலிங்கத்தால் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளைப் பார்த்தேன் என்று கங்காணியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லவேண்டும்.  நன்றி மட்டும் சொல்லி அவரை அனுப்பிவிட்டு, தகரத்தில் மிஞ்சிய நீரைச் செம்பில் ஊற்றினார்.

"நான் கொண்டுபோறன்," என்றாள் அன்னபாக்கியம்.

"வேண்டாம். நான்தான் போகவேணும்."

வந்த வழியே நடந்தார். லயத்துக் கதவுகள் கறையான் அரித்துத் தொங்கின. வௌவால் எச்சமும் பழைய புகையும் கலந்த நாற்றம். உள்ளே தரையெங்கும் தூசி படர்ந்திருந்தது. அவள் நடந்து வந்த தடம் எங்கும் இல்லை. மூலையில் தகரக் குவளை கவிழ்ந்து கிடந்தது.

அதை எடுத்து நிமிர்த்தினார். அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு, செம்பின் விளிம்பு குவளையில் படும்படி சாய்த்து ஊற்றினார்.

"அம்மா, குடியுங்கோ," என்றார். 

தண்ணீர் மெல்லக் குறைந்தது.

விரலில் ஈரம் படவில்லை.

மறுபடியும் ஊற்றினார். அதுவும் குறைந்தது. செம்பு காலியாகும்வரை ஊற்றினார். நெஞ்சில் கிடந்த பாரம் கொஞ்சம் இறங்கியதுபோல் இருந்தது.

காதருகே, மிக அருகே, மூச்சுச் சூடு பட்டது.

"புள்ளைக்கு?"

செம்பைக் கவிழ்த்தார். ஒன்றுமில்லை. ஓடை பக்கத்தில்தான் இருந்தது. போய் மொண்டுவந்திருக்கலாம். ஆனால் அவர் ஓடினார். செம்பை அங்கேயே போட்டுவிட்டு, வேட்டி தடுக்க, மூச்சிரைக்க ஓடிவந்து வண்டியில் ஏறினார். கொடுத்தீர்களா என்று அன்னபாக்கியம் கேட்டாள். ஓம் என்று தலையாட்டினார்.  செம்பில்லாத அவருடைய கைகளை அவள் பார்த்தாள்.

பத்து பகாட்வரை வண்டி சூடேறவில்லை. தங்கையின் கணவன் கனகசுந்தரம் வாசலுக்கு வந்து வரவேற்று, குடிக்கத் தண்ணீர் நீட்டினான். விசுவலிங்கம் தாகமில்லை என்று சொல்லிவிட்டார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை கனகசுந்தரம் ஒரு மெக்கானிக்கை அழைத்துவந்தான். மெக்கானிக் குழாய்களைக் கழற்றி, ரேடியேட்டரை நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார். எங்கும் ஒழுக்கில்லை என்றார். பிறகு முன்பக்கத்தைக் காட்டி, வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதா என்று கேட்டார்.

இல்லை, இனிமேல்தான் என்று கனகசுந்தரம் சிரித்தான்.

விசுவலிங்கம் குனிந்து பார்த்தார். ரேடியேட்டரின் தூசியில் சிறிய கைத்தடங்கள் பதிந்திருந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக, மூடியை எட்டப் பார்த்தவைபோல மேலேறிப் போயிருந்தன. எல்லாம் ஈரமாக இருந்தன.

அவர் துணியால் துடைத்தார். வளைகாப்புக்கு வந்த விருந்தாளிகள் பார்த்துவிடுவார்களோ என்று அவசரமாகத் துடைத்தார்.

அன்னபாக்கியம் உள்ளேபோய் ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, முன்சக்கரத்தின் பக்கத்தில் வைத்தாள். கணவனைத் திரும்பிப் பாராமல் உள்ளே போய்விட்டாள். சற்று நேரம் நின்றுவிட்டு அவரும் பின்னாலேயே போனார்.

கூடத்தில் பெண்கள் வளையல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வெளியே காலித் தம்ளர் சிமெண்டுத் தரையில் உருளும் சத்தம் கேட்டது. காற்றென்று யாரோ சொன்னார்கள். முற்றத்து வாழை இலை ஒன்றுகூட ஆடவில்லை.