ஆறாவது டீச்சரும் ஐந்தாம் பாடமும்

ஆறாவது டீச்சர் ஒரு திங்கட்கிழமை மதியம் வந்தார். பையிலிருந்து சிவப்புப் பந்து ஒன்றை எடுத்து உயரத் தூக்கிக் காட்டினார்.

"வந்துருச்சுப்பா பந்து," என்று கடைசி பெஞ்சில் ரேடியோ முணுமுணுத்தான். வாய் ஓயாது என்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாது என்று பெரிய டீச்சர் காலையிலேயே சொல்லி வைத்திருந்தார்.

அந்தப் பள்ளியில் காலையில் ஒரு மொழி, மதியத்தில் ஒரு மொழி. காலை மொழி வீட்டில் பேசுவது. மதிய மொழி கடல் தாண்டி வந்தது. அதைச் சொல்லிக் கொடுப்பவர்களும் கடல் தாண்டித்தான் வருவார்கள். யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்துவதில்லை, சம்பளமும் இல்லை. தாங்களாக விரும்பி வந்து மூன்று மாதம் இருப்பார்கள். பிறகு போய்விடுவார்கள்.

பெயர் வாயில் படிவதற்குள் ஆள் மாறிவிடுவதால், பிள்ளைகள் எண் போட்டுவிட்டார்கள். ஒன்றாவது டீச்சர் கிட்டார் வாசிப்பார். மூன்றாவது சார் போகும் நாளில் தேம்பித் தேம்பி அழுதார். பிள்ளைகள்தான் தண்ணீர் கொடுத்துத் தேற்றி அனுப்பினார்கள். ஐந்தாவது டீச்சருக்குப் பூனை என்றால் பயம். மூன்றாம் பாடத்தில் பூனை வந்தபோது படத்தைக்கூடத் தொடவில்லை.

ஆட்கள்தான் மாறினார்கள், பாடம் மாறவில்லை. வந்தவர் எல்லாரும் புத்தகத்தின் முதல் பக்கத்தைத்தான் திறந்தார்கள். ஒன்றாம் பாடம் நிறங்கள். அப்புறம் எண்கள், விலங்குகள், குடும்பம். நான்காம் பாடம் முடியவும் அவர்கள் பெட்டி கட்டவும் சரியாக இருக்கும். புத்தகத்தில் பன்னிரண்டு பாடங்கள். ஐந்தாம் பாடத்திலிருந்து தாள்கள் ஒட்டிக்கொண்டு, அச்சு வாசனைகூடப் போகாமல் இருந்தன.

தெரியும் என்று சொல்லிவிட வேண்டியதுதானே?

இரண்டாவது டீச்சரிடம் சொன்னார்கள். அவர் பந்தை எடுத்ததுமே வகுப்பு மொத்தமும் "சிவப்பு!" என்று கத்தியது. அடுத்து மஞ்சள், பச்சை, நீலம் என்று அவர் எடுப்பதற்குள் கத்தித் தீர்த்தது. அந்த டீச்சரின் முகம் சுருங்கிப்போயிற்று. தனக்கு இங்கே வேலையே இல்லை என்று இரண்டாவது வாரமே ஊருக்குப் போய்விட்டார். அதன்பின் வெகுநாள் யாருமே வரவில்லை.

அப்போது போட்ட சட்டம்தான் இது. பாடம் தெரியாதது போல இருக்க வேண்டும். மூன்று நாள் விழிக்க வேண்டும். நான்காம் நாள் ஒருவர் மெல்லச் சொல்ல வேண்டும்.

அந்த ஒருவர் அமுக்குணி.

அவள் அதிகம் பேச மாட்டாள். எல்லாம் தெரிந்தும் ஒன்றும் தெரியாதவள் போல உட்கார்ந்திருப்பாள். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். நடிப்பதற்கு அவளை விட்டால் ஆள் இல்லை. நெற்றியைச் சுருக்கி, உதட்டைக் கடித்து, "சி...சிவ...ப்பு" என்று அவள் திணறும்போது டீச்சர்களின் கண் கலங்கிவிடும்.

ஆறாவது டீச்சரும் வியாழக்கிழமை கண் கலங்கினார். கைபேசியை எடுத்து, "இன்னொரு முறை சொல்" என்று சைகை காட்டிப் படம் பிடித்தார். அமுக்குணி இன்னொரு முறை திணறினாள்.

"நாலு தடவையும் அப்படியே திக்குறியே. உனக்குப் பரிசு குடுக்கணும்," என்றான் ரேடியோ, வகுப்பு விட்டதும்.

அவள் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். வாயெல்லாம் கசந்தது.

வீட்டில் அக்கா, சலவைக் கூடத்திலிருந்து திரும்பிக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அம்மா அங்கே துவைக்க, அக்கா விரிப்புகளை அலசுகிறாள். போன வருடம் அவளும் இதே பள்ளிதான், இதே நான்கு பாடங்கள்தான். மேல் பள்ளியில் சேர இரண்டு மொழியிலும் பரீட்சை எழுத வேண்டும். காலை மொழியில் அக்கா முதலாவதாக வந்தாள். மதிய மொழியில் தேறவில்லை.

"அக்கா, பரீட்சையில என்ன கேட்டாங்க?"

"இப்ப எதுக்குடி அது?"

"சொல்லேன்."

அக்கா கையை விரித்துப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறியிருந்தது.

"ஒரு கதை போட்டிருந்தாங்க. யாரோ எங்கயோ போறாங்க. ஏன் போனாங்க, நாளைக்கு என்ன செய்வாங்கன்னு கேள்வி. அவங்க ஏன் போனாங்கன்னு எனக்கு எப்படிடி தெரியும்? நிறம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. நிறத்தைப் பத்தி ஒரு கேள்விகூட இல்ல."

"அந்தத் தாள் இருக்கா?"

"மெத்தைக்கு அடியில கிடக்கு. எடுத்துக்கோ. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கல."

மறுநாள் வகுப்பு முடிந்து எல்லாரும் போனபிறகு அமுக்குணி நின்றாள். டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் சிரித்தார்.

அவளுக்குத் தெரிந்த மதிய மொழி நான்கு பாட அளவுதான். 'பரீட்சை' என்ற சொல் அதில் இல்லை. 'பொய்', 'மன்னியுங்கள்' இரண்டும் இல்லை. இருப்பதை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

பையைத் திறந்து ஐந்து பழைய நோட்டுகளை மேசைமேல் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தைத் திருப்பினாள். எல்லாவற்றிலும் அதே பந்து, அதே சிவப்பு. கீழே நட்சத்திரங்கள் மட்டும் வேறு வேறு கையால் போட்டவை. இரண்டாவது நோட்டில் மட்டும் நட்சத்திரம் இல்லை.

"டீச்சர் ஒன்று. சிவப்பு," என்றாள் மதிய மொழியில். "டீச்சர் இரண்டு. சிவப்பு. டீச்சர் மூன்று. சிவப்பு."

ஐந்து வரை சொன்னாள். திணறவில்லை. பிறகு டீச்சரைக் காட்டினாள்.

"டீச்சர் ஆறு. சிவப்பு."

பையிலிருந்து பரீட்சைத் தாளை எடுத்து வைத்தாள். "அக்கா," என்றாள். தாளில் மதிப்பெண் இடத்தில் இருந்த சுழியத்தின்மேல் விரலை வைத்தாள்.

டீச்சர் தாளைப் படித்தார். நோட்டுகளைப் பார்த்தார். சிரிப்பு முகத்திலிருந்து மெதுவாக இறங்கிப் போயிற்று.

"உனக்குத் தெரியுமா? திங்கட்கிழமையே?" என்று கேட்டார். சொற்கள் முழுதும் புரியாவிட்டாலும் கேள்வி புரிந்தது.

"ஆம்."

"எல்லாருக்குமா?"

"ஆம்."

டீச்சர் பிள்ளைகள் உட்காரும் சின்ன பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஆறுதலாக எதையாவது சொல்ல வேண்டும் என்று அமுக்குணி நான்கு பாடத்தையும் மனத்துக்குள் புரட்டினாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

"நன்றி," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை டீச்சர் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை.

பெரிய டீச்சர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். திட்டுவார் என்று அவள் நினைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"அவ்வளவு தூரத்துல இருந்து நம்மளத் தேடி வந்தவங்கம்மா. முகத்துல அடிச்ச மாதிரிப் பண்ணிட்டியே. இவங்களும் போயிட்டா நான் யார்கிட்ட போய்க் கேக்குறது? இந்த மொழி தெரிஞ்சவங்க நம்ம ஊர்ல ஒருத்தர்கூட இல்லையே."

அமுக்குணி தலை குனிந்து நின்றாள்.

"உனக்குக்கூட வாய் இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல."

வகுப்பில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பந்து விளையாட்டு, பாட்டு, மிட்டாய் எல்லாம் அவளால் போயிற்று என்றார்கள். அதில் பொய்யும் இல்லை.

புதன்கிழமை மதியம் கதவு திறந்தது. ஆறாவது டீச்சர் வந்தார். கையில் பந்து இல்லை, புத்தகம் மட்டும்தான். கண் வீங்கியிருந்தது. யாரையும் பார்த்துச் சிரிக்காமல், ஒட்டியிருந்த தாள்களை நகத்தால் பிரித்தார்.

"ஐந்தாம் பாடம்," என்றார்.

ஐந்தாம் பாடம் நேற்றும் நாளையும். வகுப்பு உண்மையாகவே விழித்தது. இந்த முறை நடிப்பு தேவைப்படவில்லை. நேற்று நடந்ததற்கு ஒரு மாதிரி, நாளை நடக்கப்போவதற்கு ஒரு மாதிரி. மாற்றிச் சொன்னால் டீச்சர் நிறுத்தித் திருத்தினார்.

"நாளைக்குன்னு சொல்லிப் பழகறதுக்குள்ள நாளைக்கே வந்துரும் போல," என்றான் ரேடியோ. "எல்லாம் இந்த அமுக்குணியால வந்த வினை."

டீச்சரும் அவளிடம் முன்போல இல்லை. அவள் சரியாகச் சொன்னால் தலையசைப்பார், அவ்வளவுதான். கைபேசி பைக்குள்ளேயே கிடந்தது. நட்சத்திரங்கள் குறைந்து, சிவப்புக் கோடுகள் கூடின. ஆனால் அந்தக் கோடுகளுக்குக் கீழே டீச்சர் ஒவ்வொரு பிழையையும் சரியாக எழுதிக் காட்டியிருந்தார். முப்பத்தாறு நோட்டிலும். இரவில் எப்போது தூங்குகிறாரோ என்று அமுக்குணி நினைத்துக்கொள்வாள்.

ஆறாம் பாடம் முடிந்த அன்று அவள் எழுந்து நின்றாள். சொந்தமாக ஒரு கேள்வி கேட்க அப்போதுதான் போதுமான சொற்கள் சேர்ந்திருந்தன.

"டீச்சர், பரீட்சை நாளில் நீங்கள் இருப்பீர்களா?"

கேள்வியில் பிழை இல்லை. டீச்சர் திருத்துவதற்கு ஒன்றும் இல்லாமல் வெகுநேரம் நின்றார்.

"இல்லை," என்றார் கடைசியில்.

அந்தச் சொல் முதல் டீச்சர் காலத்திலிருந்தே அவளுக்குத் தெரியும்.

மூன்று மாதம் முடிந்தபோது எட்டாம் பாடமும் முடிந்திருந்தது. மற்ற டீச்சர்கள் எல்லாரும் போகும்போது "மறுபடி வருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ஆறாவது டீச்சர் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். அமுக்குணியின் முறை வந்தபோது கையை விடவில்லை.

"எனக்கு உன்மேல் கோபம் இருந்தது," என்றார் மதிய மொழியில், நிறுத்தி நிறுத்தி. "பல நாள்."

கோபம் ஏழாம் பாடத்தில் வந்தது. அவளுக்கு நன்றாகவே புரிந்தது.

"எனக்கும் இருக்கிறது," என்றாள்.

எதற்கு என்று டீச்சர் கேட்கவில்லை. தலையை ஆட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார்.

பரீட்சைக்கு ஏழு வாரம் இருந்தது. பாடம் நான்கு பாக்கி.

"புது டீச்சர் எப்ப வருவாங்கன்னு தெரியல. அதுவரைக்கும் மதியம் விளையாடிக்கோங்க," என்றார் பெரிய டீச்சர். பிள்ளைகள் திமுதிமுவென்று வெளியே ஓடினார்கள்.

அமுக்குணி போகவில்லை. ஒன்பதாம் பாடத்தைப் பிரித்தாள். முதல் வரியைச் சத்தமாக வாசித்தாள். ஐந்து சொல்லில் மூன்று தெரிந்தது. நடுவில் இரண்டு சொற்கள் கல் மாதிரிக் கிடந்தன.

சன்னலுக்கு வெளியே ரேடியோவின் தலை தெரிந்தது.

"அப்படி இல்ல. அந்தச் சொல்லை இழுத்துச் சொல்லணும்," என்றான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆறாம் பாடத்துல வந்துச்சே, அது மாதிரிதான் இருக்கு."

"அது வேற, இது வேற."

"நீ பெரிய டீச்சர் பாரு. தள்ளி உக்காரு."

அவன் சன்னல் வழியாகவே ஏறிக் குதித்து உள்ளே வந்தான். சண்டைச் சத்தம் கேட்டு இன்னும் நான்கு பேர் எட்டிப் பார்த்தார்கள். அந்த வரிக்கு ஆளுக்கொரு பொருள் சொன்னார்கள். யார் சொல்வது சரி என்று சொல்ல அந்த அறையில் யாரும் இல்லை. அரைமணி நேரம் வாதாடிவிட்டு, எல்லாரும் சொன்னதையும் அமுக்குணி நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்தாள்.

"அடுத்த வரியை வாசி," என்றான் ரேடியோ.

அவள் வாசித்தாள். இந்த முறை திக்கியது நிஜமாகவே.