விலாவில் மூன்று புள்ளிகள்

விடிந்ததும் விடியாததுமாக மகன் அம்மாவைப் பிடி பிடியென்று பிடித்துக்கொண்டான்.

"ரெண்டு மாசமா அப்பாவுக்கு விலா வலி... நீ தைலம் தேய்ச்சுக்கிட்டே உக்காந்திருக்கே! அவருக்கு வந்திருக்கிற புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குத்தான் ஓடுமாம். எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாம்மா?"

அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கணவருக்குச் செய்து கொடுத்த சத்தியம் போய்விடும். நாற்பது வருஷம் ஊர்ச் சுவர்களுக்கெல்லாம் வர்ணம் அடித்த அந்த மனிதரோ, செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்தவர் நிமிரவே இல்லை.

மருத்துவமனையில் படிவத்தை மகன்தான் நிரப்பினான்.

"சமீபத்துல கீழே விழுந்ததுண்டான்னு கேட்டிருக்கு."

"இல்லைன்னு போடு" என்றார் அப்பா. அவளுக்குத் திக்கென்றது.

எலும்பு ஸ்கேனுக்காக ஊசி போட்டார்கள். மூன்று மணி நேரம் தண்ணீராகக் குடிக்க வைத்து, பிறகு கேமராவின் கீழே அசையாமல் படுக்க வைத்தார்கள்.

டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டியதும் அவள் மலைத்துப்போனாள். மண்டையிலிருந்து கால்விரல் வரை அவருடைய எலும்பெல்லாம் அங்கே நின்றது! எலும்பு எங்கே மும்முரமாக வேலை செய்கிறதோ, அங்கே அந்த ஊசி மருந்து அதிகமாகப் போய்ச் சேருமாம். இத்தனை வருஷம் சோறு போட்டும் சண்டை போட்டும் இந்த மனிதருக்குள்ளே இப்படி ஒருவர் இருப்பது தெரியாமல் போயிற்றே என்று கை தானாகக் கும்பிட்டது.

இடது விலாவில் மட்டும் மூன்று கரும்புள்ளிகள், ஒன்றன்கீழ் ஒன்றாக.

"நோய் பரவினாலும் இப்படித் தெரியலாம். முறிஞ்ச எலும்பு கூடினாலும் தெரியும். ஆனா விழலைன்னு எழுதியிருக்கீங்களே..." என்று இழுத்தார் டாக்டர்.

மகன் முகத்தில் ஈயாடவில்லை. சத்தியமாவது ஒன்றாவது!

"விழுந்தார் டாக்டர்... ஏணியிலேர்ந்து. ரெண்டு மாசம் ஆச்சு."

"எந்த ஏணிம்மா?" என்றான் மகன்.

"உன் கடைக்கு போர்டு எழுதினாரே, அந்த ஏணிதான். நீதான் பிடிச்சுக்கிட்டிருந்தே... போன் வந்துச்சுன்னு வெளியே போயிட்டியாம். நீ திரும்பி வர்றதுக்குள்ள அவர் விழுந்து எழுந்துட்டார்."

டாக்டர் அந்த இடத்தை மட்டும் சிடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அந்த அரை மணி நேரம் அவளுக்கு ஒரு யுகம்.

"முறிவுதான்மா, கூடிக்கிட்டிருக்கு. எலும்புக்குப் பரவின அடையாளம் எதுவும் தெரியல. நோய் இருக்கிற இடத்துக்கு மட்டும் வைத்தியம் பார்த்தாப் போதும்."

வாயில்லாத எலும்பு பட்ட அடியை இப்படிப் பத்திரமாக வைத்திருந்து சொல்லிவிட்டதே! அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

வராந்தாவுக்கு வந்ததும் மகன் அவள் தோளில் சாய்ந்து குலுங்கினான். "காலைல அத்தனை பேசினேனேம்மா... ஏன் கேட்டுக்கிட்டு நின்னே?"

"நீ திட்டினது எனக்கு ரெண்டு நாள்ல ஆறிடும்டா. இது தெரிஞ்சா உனக்கு ஆறவே ஆறாதுன்னு உங்கப்பா அழுதார்..."

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தவர் இருவரையும் பார்த்தார். "சொல்லிட்டியாடி?"

"உங்க எலும்பே சொல்லிடுச்சு. இனி நான் மறைச்சு என்ன ஆகப்போகுது?" என்றவள், இரண்டு மாதத்தில் முதல் தடவையாக எல்லார் எதிரிலும் வாய்விட்டு அழுதாள்.